முப்பது டிராயர், ஒரு குட்டியானை, கொஞ்சம் புளி

பார்த்து வாங்க. இந்த இரும்புப் படிக்கட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் ஒரு டிராயர் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது மாடி வரைக்கும் இப்படித்தான். ஓரமாக ஒதுங்கி, பாலிஷ் வாசனையை மோந்துகொண்டே ஏறினால் குரோம்பேட்டையின் ஒரு மொட்டைமாடி அறை வரும். தீப்பெட்டி லேபிள் சேர்க்கிற பத்துப் பன்னிரண்டு பேரின் ராஜ்ஜியம் அது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. யார் பெயரையும் எழுதக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள். அதாவது, அது ஒன்றுதான் நிபந்தனை என்று சொன்னார்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் கையில் உப்புத்தாளைத் திணித்துவிட்டார்கள். “எழுதறவங்களுக்கு விரல் நல்லா வேலை செய்யும்ல? தேய்ங்க.”

தீப்பெட்டி லேபிள் கண்காட்சிக்கு நீங்களும் போயிருப்பீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் யானை, மயில், சிறுத்தை, கப்பல், சாவி எல்லாம் எண்ணெய் வைத்துத் தலைவாரிப் பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். கண்காட்சி முடிந்தபிறகு இதெல்லாம் எங்கே குடியிருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறுகுறுப்பு. இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டேன். ஸ்வீட் பாக்ஸில்!

அறையின் ஒரு சுவர் முழுக்க மைசூர்பா பெட்டி, பிஸ்கட் டின், ஷூ டப்பா, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. ‘சாத்தூர்’ என்று எழுதிய டப்பாவைத் திறந்தால் கோவில்பட்டி இருக்கிறது. கோவில்பட்டி எங்கே என்று கேட்டால் மிக்சர் டின்னைக் காட்டுகிறார்கள். மிக்சர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஸ்வீட் பாக்ஸில் ஒட்டியிருக்கும் நெய்க்கு எறும்பு வருகிறது. பழைய லேபிளின் மாவுப் பசைக்கு ராமபாணப் பூச்சி வருகிறது. ஒரு மயிலுக்குத் தோகையில் பாதியைக் காணோம். “இப்ப அது கோழி ரகத்துல சேர்ந்துடுச்சு” என்றார் கிளப்பின் செயலாளர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ஸ்டேஷன் மாஸ்டர் சார்.

இந்த டிராயர்கள் வருவதற்கு முன், ஒரு ஸ்டீல் பீரோ வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பீரோவில் அடுக்கினால் அடியில் போனது அடியிலேயேதான் கிடக்கும். ஒரு கப்பலை எடுக்க ஒரு ஊரையே இறக்கி வைக்க வேண்டும். இவர்களுக்கு வேண்டியது சின்னச் சின்ன டிராயர், ஏகப்பட்ட டிராயர். அப்போதுதான் கிளப்பின் லைப்ரரி மேடம், அரசு நூலகத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர், காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “கேட்டலாக் கேபினெட் கிடைச்சா?”

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் நூலகத்துக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். வாசல் பக்கம் தேக்கு அலமாரி ஒன்று, உடம்பெல்லாம் டிராயராக நிற்கும். இழுத்தால் உள்ளே கெட்டி அட்டைகள்: பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலம், ஏழரை உயரம். அடியில் ஓட்டை போட்டு, பித்தளைக் கம்பி கோத்து, யாரும் உருவிக்கொண்டு போகாமல் காவல் வைத்திருப்பார்கள். ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை. கம்ப்யூட்டர் வந்ததும் அட்டைக்கு வேலை போயிற்று. அலமாரி முதலில் வராந்தாவுக்குப் போனது, அப்புறம் ஸ்டோர் ரூமுக்கு, கடைசியில் காயலான் கடைக்கு. அதைத் தேடித்தான் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை. வெயில் ஏறுவதற்கு முன்பே பழைய டிரங்க் ரோட்டில் கடை விரித்தாயிற்று. ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் ரிமோட் குவியல், அதை ஒட்டி ஒற்றைக்கால் நாற்காலி, கருவாடு, கிராமபோன் குழாய், மூடி இல்லாத குக்கர். பக்கத்திலேயே மீனம்பாக்கம் என்பதால் தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் சந்தை முழுக்கப் பேரம் அப்படியே உறைந்து நிற்கும். வாய் அசையும், சத்தம் வராது. விமானம் போனதும் வியாபாரி பழைய விலையில் விட்டாரா, புதிய விலையில் ஆரம்பிக்கிறாரா என்பது அவரவர் சாமர்த்தியம்.

அந்த அலமாரி மல்லாந்து கிடந்தது. அதன் மேல் ஒரு லவ் பேர்ட்ஸ் கூண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் சார் எங்கள் எல்லோரையும் கண்ணாலேயே அடக்கினார். அலமாரி பக்கம் திரும்பவே கூடாதாம். அவர் நேராகப் போய் அந்த மூடி இல்லாத குக்கரை எடுத்து, தட்டிப் பார்த்து, விலை கேட்டார். வியாபாரி இவரைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

“குக்கர் அப்புறம் பார்க்கலாம் சார். பொட்டி வேணும்னா சொல்லுங்க. நாட்டு மருந்துக்கடை பொட்டி. பர்மா தேக்கு. ஒவ்வொன்னுலயும் ஒரு மூலிகை போட்டு வெச்சிருப்பாங்க.”

லைப்ரரி மேடம் மெல்லக் குனிந்து ஒரு டிராயரை இழுத்தார். பாதி வந்து சிக்கிக்கொண்டது. முகப்பில் பித்தளைச் சட்டம், அதற்குள் பழுப்பேறிய காகிதத் துண்டு, அதில் ‘க – கா’. விரலால் அதைத் தடவியபடியே, “இதுல மூலிகை இருந்ததில்லப்பா. புஸ்தகம் இருந்துச்சு” என்றார்.

“அப்படியா? அப்ப இன்னும் ஐந்நூறு சேர்த்துக் குடுங்கம்மா.”

அதற்குப் பிறகு நடந்தது பேரம் இல்லை, நாடகம். இன்னும் போணி ஆகவில்லை என்று அவர். கால்வாசி உளுத்துப்போயிருக்கிறது என்று இவர். மூன்று தடவை நடந்து போய், மூன்று தடவையும் திரும்ப அழைக்கப்பட்டார் ஸ்டேஷன் மாஸ்டர் சார். நாலாவது தடவை யாரும் அழைக்கவில்லை. தானே திரும்பி வந்தார். கேட்ட விலையில் பாதிக்கு மேலே, முக்காலுக்குக் கீழே முடிந்தது. கிளப்பிலேயே சின்னவன், கல்லூரித் தம்பி, லவ் பேர்ட்ஸும் சேர்த்தியா என்று கேட்டான். இல்லையாம்.

வண்டிக்குக் குட்டியானை. டிரைவர் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள என்ன சார், கல்லா?” என்றார். அதைவிடப் பெரிய கூத்து இங்கே, இந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில். பெட்டி திரும்பவே மாட்டேன் என்றது. டிராயர் எல்லாவற்றையும் உருவி, ஆளுக்கு நாலு என்று சுமந்து மேலே கொண்டு போனார்கள். காலிக் கூட்டை எதிர்வீட்டு ஜிம் பையன்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். ‘ஐலசா’ சத்தம் கேட்டு இரண்டாவது மாடிப் பாட்டி வெளியே வந்து, “வலது பக்கம் தூக்குங்கடா, சுவத்துல பெயின்ட் போகுது” என்று தலைமை ஏற்றுக்கொண்டார். மாடியில் இறக்கி வைத்ததும் எல்லோருக்கும் மோர். சட்டை நனையாதவர் பாட்டி ஒருத்தர்தான்.

சந்தோஷம் அடங்கியபிறகுதான் தம்பி ஒரு கேள்வி கேட்டான். “எந்த டிராயர் எந்த ஓட்டைக்குன்னு யாராச்சும் நம்பர் போட்டீங்களா?”

யாரும் போடவில்லை.

அதை அப்புறம் பார்ப்போம். முதலில் உள்ளே இருந்தது என்ன என்று பாருங்கள். பழைய சாமான் வாங்குவதில் எனக்குப் பிடித்த கட்டமே இதுதான். ஒரு ஹேர்பின். மை உறைந்த ரப்பர் ஸ்டாம்ப், எழுத்தெல்லாம் தேய்ந்தது. மூக்குப்பொடி மட்டை. காய்ந்த வசம்புத் துண்டு ஒன்று; பூச்சிக்காக யாரோ போட்டு வைத்தது. ஒரு டிராயரின் பின்மூலையில் கட்டாக நூலக அட்டைகள், பாதி தட்டச்சு, பாதி கையெழுத்து. லைப்ரரி மேடம் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கியவர்தான், ஒரு மணி நேரம் அசையவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, அட்டையைத் திருப்பிக் காட்டினார். “பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு?”

கார்பென்டர் அண்ணன் வந்தார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற தோரணையில் விரல் முட்டியால் அங்கங்கே தட்டினார். அடிப்பலகையைக் கவிழ்த்து உதற, வெள்ளையாகப் பொடி கொட்டியது. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். “வண்டு. தேக்கை அது தொடாதுங்க. அடிப்பலகைக்கு மட்டமான மரத்தைப் போட்டிருக்கான், அதைத்தான் தின்னுருக்கு.” கூடும் முகப்புகளும் கெட்டி, அடிப்பலகையும் முதுகுப் பலகையும் மாற்றினால் போதும் என்றார். மிச்ச ஓட்டைகளுக்கு ஊசியில் ஏற்றுகிற மருந்து.

“மண்ணெண்ணெய் ஊத்தினா சாகாதா அண்ணே?” என்றான் தம்பி.

அறையில் ஒரு நொடி மௌனம். சுற்றிலும் தீப்பெட்டி, நடுவில் தேக்குமரம், மேலே மண்ணெண்ணெய்! முதலில் சிரித்தது கார்பென்டர் அண்ணன். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. பயப்பட வேண்டாம், இந்த கிளப்பில் குச்சியோடு ஒரு பெட்டிகூட உள்ளே வர முடியாது. வாசலில் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில். வருகிறவர்கள் குச்சியை அதில் கொட்டிவிட்டுத்தான் பெட்டியைக் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டு மருந்துப் பட்டையில் உரசினால்தான் பற்றும் குச்சி அது; குச்சியும் பட்டையும் தனித்தனியாக இருக்கிறவரை இரண்டும் சாது. பாட்டில் நிரம்பினால், கூடவே மருந்துப் பட்டை கிழியாத டபுள் பெட்டி ஒன்றையும் சேர்த்து, தெருமுனைப் பிள்ளையாருக்கு. அவருக்கு விளக்கேற்ற வருஷத்துக்கும் பஞ்சமில்லை.

இப்போது அந்த நம்பர் விவகாரம். முப்பது டிராயர், முப்பது பொந்து. கையால் அறுத்துச் செய்த காலத்துச் சாமான். ஒரு டிராயர் இன்னொன்றின் வீட்டில் ஒரு நூல் கூடுதலாக இருக்கும், நுழையாது. தம்பி செல்போனில் கட்டம் போட்டு, எதை எதில் முயன்றோம் என்று குறித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் தள்ள, ஒருவர் இழுக்க, ஒருவர் திட்ட, ஸ்டேஷன் மாஸ்டர் சார் மட்டும் “மூன்றாவது லைன் கிளியர்” என்று அறிவித்துக்கொண்டிருந்தார். டீ குடித்தபடி இதையெல்லாம் வேடிக்கை பார்த்த கார்பென்டர் அண்ணன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு டிராயரைத் திருப்பினார். பின்பலகையின் ஓரத்தில் உளி நுனியால் கீறிய கோடுகள். இரண்டு நிமிர்ந்த கோடு, ஒரு சாய்ந்த கோடு. கூட்டுக்குள் டார்ச் அடித்தார். அதே கோடுகள் அங்கேயும்.

“செஞ்சவன் எழுதி வெச்சுட்டுத்தான் போயிருக்கான். நீங்கதான் திருப்பிப் பாக்கல.”

யார் அவர், எந்தப் பட்டறை, எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் கணத்தில் அவருக்கு மாடியே விசில் அடித்தது. இருபத்தெட்டு டிராயர் மளமளவென்று வீடு போய்ச் சேர்ந்தன. மிச்சம் இரண்டில் கோடே இல்லை. வேறு ஏதோ அலமாரியிலிருந்து தத்து வந்தவை போலிருக்கிறது. அவற்றை இழைப்புளியால் ஒரு சீவு சீவி இதே குடும்பத்தில் சேர்த்துவிட்டார். ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்ததும், ‘க – கா’ ஒற்றை விரலுக்கு ஓடி வந்தது. ஆளாளுக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்தோம். நான் இரண்டு தடவை.

பித்தளைக்கு வருவோம். முப்பது சட்டமும் கறுத்துக் கிடந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் சாரின் வீட்டம்மா கீழேயிருந்து ஒரு வாளி புளிக்கரைசல் கொண்டுவந்தார். சங்கத்தின் ஆண் உறுப்பினர்கள் அனைவரும் சுற்றி உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்க்க, அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். “வீட்ல குத்துவிளக்கு துலக்கச் சொன்னா முதுகு புடிச்சுக்கும். இங்க எப்படி வளையுது பாருங்க!” யாரும் தலை நிமிரவில்லை. சட்டங்கள் மட்டும் மின்னத் தொடங்கின.

பாலிஷ் கதை சுருக்கம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, பூசு, காய விடு, தேய், திரும்பவும் பூசு. அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் பரப்பியவர்களைக் கார்பென்டர் அண்ணன் விரட்டினார். மரம் முறுக்கிக்கொள்ளுமாம். அதனால்தான் படிக்கட்டு நிழலில் இந்த ஊர்வலம்.

நிஜமான சண்டை பாலிஷ் காய்ந்தபிறகுதான். எதை எங்கே வைப்பது?

அளவு பொருந்திய அதிர்ஷ்டத்தை முதலில் சொல்ல வேண்டும். சாதாரணத் தீப்பெட்டியின் முகம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளம். பன்னிரண்டரை சென்டிமீட்டர் அட்டையில் இரண்டு லேபிளைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஓரத்தில் மூச்சு விட இடம் இருக்கிறது. அடியில் கம்பி ஓட்டைக்கு மேலே, எடுத்த இடம், நாள் எழுத ஒரு வரி இடமும். பழைய நூலக அட்டையின் வெறும் முதுகில் முதல் யானையை ஒட்டாமல், முனைகளில் மட்டும் காகித முக்கோணம் வைத்துச் செருகினார் லைப்ரரி மேடம். அட்டையைத் திருப்பினால் ஏதோ ஒரு சமையல் புத்தகத்தின் விவரம். தம்பி ஆடியே விட்டான்.

அதுவரை ஒற்றுமை. அதன்பிறகு மூன்று கட்சி. ஊர் வாரியாக என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் சார்: சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம், ரயில் அட்டவணை போல ஒழுங்காக. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து 1920-களில் சிவகாசியில் தொடங்கியதிலிருந்து இந்தத் தொழிலின் கதையே ஊர்க்கதைதானே என்பது அவர் வாதம். படம் வாரியாக என்றான் தம்பி: யானை எல்லாம் ஒரே டிராயர், சாமி எல்லாம் ஒரே டிராயர். காலம் வாரியாக என்றார் ஒரு வங்கி ஊழியர்: மரச்சில்லுப் பெட்டிக் காலம், அட்டைப் பெட்டிக் காலம், ஐம்பது காசுக் காலம், ஒரு ரூபாய்க் காலம், 2021 டிசம்பர் 1-க்குப் பிறகு இரண்டு ரூபாய்க் காலம். ஒவ்வொருவரும் சரி. அதுதான் தொல்லை. ஒரு பெட்டி குடியாத்தத்தில் செய்தது, அதன் லேபிள் சிவகாசியில் அச்சானது, படம் யானை, விலை ஐம்பது காசு. அது எந்த டிராயர்? இதற்கு மேல் காப்பிக் கட்சி வேறு. புகழ்பெற்ற லேபிளைப் பார்த்து, ஓர் எழுத்தை மாற்றி, ஒரு வாலைக் கூட்டி இன்னொருவர் அடித்த லேபிள்கள். அசலுக்குப் பக்கத்திலேயே அதை வைப்பதா, தள்ளி உட்கார வைப்பதா? குரல்கள் உயர்ந்தன. இரண்டாவது மாடிப் பாட்டி கீழேயிருந்து விசாரித்தார்.

லைப்ரரி மேடம் அட்டையைத் துடைத்துக்கொண்டே பேசினார். “எங்க தொழில்ல இந்தச் சண்டையெல்லாம் எப்பவோ போட்டாச்சு.” சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் கதையைச் சொன்னார். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனதும், படிப்பதற்கு லண்டன் போன இடத்தில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்ததும். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு பொம்மை செய்கிறார்களே, ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்தது. “பொம்மைக் கடையில கிடைச்ச யோசனை. தீப்பெட்டிக்குச் சரியா வராதா?”

தீர்ப்பு எளிமை. பெட்டி ஊர் டிராயரில் தூங்கட்டும். கடைசி வரிசை டிராயர்களில் வெறும் வழிகாட்டி அட்டைகள்: ‘யானை: குடியாத்தம் பார்க்க’, ‘ஐம்பது காசு: சாத்தூர் பார்க்க’. யானையைத் தேடி வருகிறவருக்கும் வழி, காலத்தைத் தேடி வருகிறவருக்கும் வழி. காப்பி லேபிள்கள் அசலுக்கு அடுத்த அட்டையிலேயே இருக்கும், ஆனால் சிவப்பு நூல் கட்டி. மூன்று கட்சியும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டார்கள். இதைவிட நல்ல தீர்ப்பை நான் எந்தச் சங்கத்திலும் பார்த்ததில்லை.

இதை எழுதும்போது இருபது டிராயருக்கு மேல் நிரம்பிவிட்டன. மைசூர்பா பெட்டிகள் கிளம்பியாயிற்று. ஒவ்வொரு டிராயரின் பின்மூலையிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம். கூடவே வசம்பும், லைப்ரரி மேடத்தின் பிடிவாதத்தால். அந்தப் புது அலமாரி, ஆமாம், எங்களுக்கு அது புதுசுதான், கண்காட்சிக்கு எல்லாம் வராது. திரும்பவும் அந்தப் படிக்கட்டில் இறக்க யாருக்கும் தெம்பில்லை.

உங்கள் ஊர் நூலகத்திலோ பழைய பள்ளியிலோ இப்படி ஒரு அலமாரி வராந்தாவில் நனைந்துகொண்டிருந்தால், விறகுக்கு எடை போடுவதற்கு முன் பக்கத்தில் தபால்தலை, லேபிள் சேர்க்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பரணில் பழைய தீப்பெட்டி கிடைத்தால் கிழிக்காமல், நசுக்காமல் அவர்களிடம் கொடுங்கள். குச்சியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.